ஐயா நிற்காத தேர்தல்

எம்.எல்.ஏ. செழியன் இந்தத் தடவை நிற்கவில்லை என்ற செய்தி வத்தலக்குண்டுக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தது. பத்து மணிக்குள் அதற்கு ஐந்தாறு காரணங்கள் பிறந்துவிட்டன. நெஞ்சுவலி என்றார் ஒருவர். மகன் கனடாவுக்குக் கூப்பிடுகிறான் என்றார் இன்னொருவர். கட்சிக்குள் உள்குத்து, அது வெளியே தெரியாமல் இருக்கத்தான் இந்த நாடகம் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அடித்துச் சொன்னார்கள். திண்டுக்கல் பிரியாணிக் கடைகளில் இதற்கும் மேலே போனார்கள். மூன்று தடவை நின்று மூன்று தடவையும் ஜெயித்த மனிதர், நாலாவது தடவை வேண்டாம் என்று தானாகவே எழுதிக் கொடுத்தார் என்றால் நம்புவதற்கு நம் ஆட்களுக்கு மனசு வருமா என்ன.

காரணம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் ஒருவன் உண்டு. அவருடைய டிரைவர் பொம்மையன். ஐயா நிற்காமல் போனதற்குக் காரணம் தான்தான் என்று அவன் முடிவே கட்டிவிட்டான். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அல்ல. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பொம்மையன் சேவுகம்பட்டிக்காரன். வயது ஐம்பத்திரண்டு. இளவட்டத்தில் பூ வண்டி ஓட்டினான். விடிவதற்கு முன்னால் ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் நிறுத்தி மல்லிகைப் பூவை வாங்கிப் போட்டுக்கொண்டு நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பத்து வருஷம் அந்த வேலை. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை, எந்தக் கிணறு சித்திரையில் வற்றும் என்பதெல்லாம் பூவோடு சேர்ந்து அவனுக்குள் ஏறிவிட்டது. அதற்காக அவன் மெனக்கெட்டதே இல்லை.

ஆளைப் பார்த்தால் இவனுக்கா இத்தனை ஞாபகம் என்று தோன்றும். பாதி இங்கே இருப்பான், பாதி எங்கேயோ இருப்பான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை பாதையைப் பார்த்துக்கொள்ளும், மனசு அதுபாட்டுக்குக் கிளம்பிவிடும். காய்ந்து கிடக்கிற கண்மாயில் தண்ணீர் அலையடிப்பதைப் பார்ப்பான். கொடைக்கானல் மலை மெல்ல எழுந்து இரண்டு எட்டு பக்கத்தில் வந்து உட்காருவதைப் பார்ப்பான். ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு கோழி அவன் சக்கரத்தில் அடிபட்டது கிடையாது. "இந்த மனுசன் தூங்குறதே முழிச்சிருக்கும்போதுதான்" என்பாள் அவன் மனைவி அன்புக்கரசி. அது குறையா பெருமையா என்று அவளுக்கே தெரியாது.

செழியன் முதல் தடவை நின்றபோது பிரச்சாரத்துக்கு வண்டி கிடைக்காமல் பொம்மையனின் பூ வண்டியைப் பிடித்தார்கள். செழியன் வத்தலக்குண்டில் உரக்கடை வைத்திருந்தவர், நல்ல மனுஷர். ஆனால் முதல் ஊரில் இறங்கியதும், கும்பிட்ட கையோடு யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார். பொம்மையன் வண்டிக்குள் இருந்தபடியே மெதுவாகச் சொன்னான். "பச்சத் துண்டு போட்டவரு முருகேசன். மக நர்சு படிக்குது. தம்பியப் பத்திக் கேக்காதீங்க."

அன்றைக்குத் தொடங்கியது. அதன்பின் பதினைந்து வருஷமாக அதுதான் முறை. வண்டி நிற்பதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்வான். பேர், வீட்டு விசேஷம், கேட்கக் கூடாதது. அதிகமாகச் சொன்னால் ஐயா குழப்பிக்கொள்வார், முன்கூட்டிச் சொன்னால் மறந்துவிடுவார். அதனால் வாசல் தெரிகிற இடத்தில்தான் சொல்ல வேண்டும் என்று இருவரும் பேசாமலே ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஐயா இறங்குவார். "முருகேசன், மக எப்பிடி இருக்கு?" என்பார். முருகேசன் அப்படியே உருகிப்போவார். நம்ம பேரை எம்.எல்.ஏ. ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று ஊரே பேசும். பொம்மையன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்படி இருந்தபோதுதான் மாசி மாதத்தில் அது நடந்தது.

சேவுகம்பட்டிக்கு மேற்கே பொன்னுத்துரையின் தென்னந்தோப்பு இருக்கிறது, வீடும் தோப்பை ஒட்டியேதான். மூன்று தேர்தலிலும் செழியனுக்கு முன்னால் கொடி பிடித்து நடந்த மனுஷர் பொன்னுத்துரை. தை மாதத்தில் ஒருநாள் தோப்பில் மோட்டார் போடப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். அப்போது ஐயா சட்டசபைக்காகச் சென்னையில் இருந்தார். பொம்மையன் போய் மாலை போட்டு, கூட நின்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்தான். இந்த மாதிரிச் சேதியெல்லாம் ஐயாவுக்கு அவன் வழியாகத்தான் போகும், வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். எப்போதும்போல வாசலில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அந்தச் சாயங்காலம் வண்டி வாய்க்கால் கரையில் திரும்பியது. வெயில் தென்னைகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தது. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் பொன்னுத்துரை நின்றுகொண்டிருந்தார். நெற்றிக்கு மேலே கையை வைத்து, வருகிற வண்டி யாருடையது என்று பார்த்தார். வழக்கமாக நிற்பதுபோலத்தான் நின்றார். பொம்மையனுக்குத் துளிகூட வித்தியாசமாகப் படவில்லை. அவன் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. "பொன்னுத்துரை. தென்னைக்கு வெள்ளை ஈ விழுந்திருக்கு. பாகப்பிரிவினை பத்திக் கேக்க வேணாம்."

ஐயா இறங்கினார். வீட்டைப் பார்த்துச் சிரித்த முகமாகக் குரல் கொடுத்தார். "பொன்னுத்துரை அண்ணே, எங்கண்ணே இருக்கீக? வெள்ளை ஈ விழுந்துருச்சாமே?"

உள்ளேயிருந்து பொன்னுத்துரையின் மனைவி கண்ணம்மாள் வந்தாள். வெறும் நெற்றி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாக் கூப்பிடுங்கய்யா" என்றாள். "நீங்க கூப்பிட்டாவது வாராரான்னு பாப்போம்."

அவளுக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. ஐயா அதைப் பார்த்தார். பொம்மையனும் அப்போதுதான் பார்த்தான். திரும்பி மோட்டார் ரூம் பக்கம் பார்த்தபோது அங்கே வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை.

வத்தலக்குண்டு வருகிற வரைக்கும் ஐயா பேசவில்லை. ஊர் வந்ததும், "டீ குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பொம்மையன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். மூன்று வாரம் கழித்து ஐயா கட்சிக்குக் கடிதம் கொடுத்தார். இதைவிட வேறு காரணம் என்ன வேண்டும்?

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் எம்.எல்.ஏ. அலுவலகத்தைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். பொம்மையனுக்கு வேலை இல்லை. வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே ஊர் ஊராகப் போய்வந்தான். எல்லா ஊர்களும் காலியாக இருந்தன. வாசல்களில் யாரும் இல்லை. அவன் பேர்களைச் சொல்லிக்கொண்டே போனான், ஒருவரும் வெளியே வரவில்லை. பயமாக இல்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தால் நெஞ்சு கனத்தது.

கட்சி புதிதாக நிறுத்தியது சகாயராஜை. நாற்பது வயது, சுறுசுறுப்பான ஆள். நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க வண்டிகூட ஓட்ட வேணாம். முன் சீட்டுல உக்காந்திருந்தாப் போதும். தொகுதி மொத்தமும் உங்க வாயிலதான இருக்கு."

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றான் பொம்மையன்.

யோசிக்க என்ன இருக்கிறது. செத்தவரை இருக்கிறார் என்று சொன்ன வாய். அதை நம்பி இன்னொருவரை எப்படி வாசலில் இறக்கிவிடுவது? அன்புக்கரசி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குனி முடிகிற சமயத்தில் ஐயாவிடமிருந்து போன் வந்தது. "பொம்மையா, கண்ணம்மா வீட்டு வரைக்கும் போய்ட்டு வருவோமா? செத்த நேரம்தான்."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தான். இருந்தாலும் போனான்.

வழியெல்லாம் தேர்தல். ஒலிபெருக்கியும் கொடியுமாக இருந்தது. அவர்கள் தாண்டவேண்டிய ஊரின் எல்லையில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றிருந்தார்கள். சகாயராஜுக்காகக் காத்திருந்தவர்கள். ஆனால் பல வருஷமாகப் பார்த்த ஐயாவின் வெள்ளை வண்டி வந்ததும் கை தானாக உயர்ந்துவிட்டது. வண்டியைச் சுற்றிச் சூழ்ந்துகொண்டு ஆரத்தி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஐயா கண்ணாடியை இறக்கினார். "ஏத்தா, நான் நிக்கல. அவரு பின்னால வாராரு."

"அதனால என்னய்யா?" என்றாள் முன்னால் நின்ற கிளாரா, தட்டைச் சுற்றிக்கொண்டே. "உங்களுக்கு எடுத்தா கரைஞ்சா போயிரும்? அவருக்கு வேற கரைச்சுக்கிடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயா குனிந்து நெற்றியைக் கொடுத்து அந்தச் சிவப்புப் பொட்டை வாங்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தபோது கண்ணாடியில் அந்தப் பெண்களும் தட்டுகளும் வெயிலில் ஆடியபடி சிறிதாகிக்கொண்டே போவதைப் பொம்மையன் பார்த்தான். அது நடந்ததா, தானாக நினைத்துக்கொண்டதா என்று அவனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஐயா நெற்றியில் பொட்டு இருந்தது. நடந்ததுதான்.

வாய்க்கால் கரை வந்தது. பொம்மையன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான்.

"ஐயா, என்னாலதான நீங்க நிக்காமப் போனது?"

ஐயா அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தபடி பேசினார்.

"ஏலே, நீ ஒருநா சொல்லல. சரி. அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டு அந்த மனுசன் மூஞ்சிய நினைச்சுப் பாத்தேன். வரலைடா. மூணு எலெக்சன் எனக்கு முன்னால கொடி புடிச்சு நடந்திருக்காரு. பின்னங்கழுத்துதான் ஞாபகத்துக்கு வருது. மத்தவுகளயும் நினைச்சுப் பாத்தேன். உன் குரல்தான் கேக்குது, ஒருத்தர் மூஞ்சியும் வரல. இதுக்கு மேல போயி எப்பிடிடா ஓட்டுக் கேப்பேன்?"

பொம்மையன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அழுகை வந்தது. நெஞ்சுக் கனம் இறங்கியதால் வந்ததா, ஐயாவை நினைத்து வந்ததா, இரண்டும்தான்.

"சகாயராஜு கூப்பிட்டானாமே" என்றார் ஐயா. "அவனுக்கு வண்டி வேணும்னா ஓட்டு. பேரச் சொல்லாத. அவனாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடட்டும். எனக்குச் செஞ்ச உபகாரத்த அவனுக்கும் செஞ்சுறாத."

வாசலில் இறங்கியபோது பொம்மையன் ஒன்றும் சொல்லவில்லை. ஐயா படியிலேயே நின்று, "தாயி, அன்னிக்குத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீக" என்று கைகூப்பினார். கண்ணம்மாள் தலையை ஆட்டினாள். அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஆனால் அவள் பார்வை பொம்மையன் மேல்தான் இருந்தது.

"ஏன் தம்பி, எழவுக்கு நீயும்தான வந்திருந்த. தூக்குறதுக்குக் கை குடுத்தவன் நீ. அவரு இல்லன்னு இவுககிட்ட ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தான். பொய் சொல்லியிருக்கலாம், மறந்துபோச்சு என்றால் முடிந்தது. அவனுக்கு அது வாயில் வரவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீக. நான் திரும்புறப்ப அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு. கண்ணால பாத்தேன். இருக்காருன்னுதான் நினைச்சேன்."

ஐயா அவனைத் திரும்பிப் பார்த்தார். கண்ணம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள், அல்லது அழப்போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கன நின்னாரு?" என்று கேட்டாள்.

அவள் செருப்புக்கூடப் போடாமல் இறங்கித் தோப்புக்குள் நடந்தாள். பொம்மையன் பின்னால் போனான். ஐயாவும் வந்தார். மோட்டார் ரூமைத் தாண்டி இரண்டாவது தென்னை. பொம்மையன் காட்டினான். அவள் அங்கே போய் நின்றுகொண்டு, நிற்கிற இடம் சரிதானா என்று கேட்பதுபோல அவனைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று அவன் கையைக் காட்டினான். நகர்ந்து நின்றாள்.

"வேட்டியா, கைலியா?"

"கைலி. பச்சக் கட்டம். கரையில சேறு ஒட்டியிருந்துச்சு."

"மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? வலியோட இருந்தாரா?"

"இல்லக்கா. வெயிலுக்குக் கண்ணச் சுருக்கிக்கிட்டு, யாரு வாரான்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. அம்புட்டுத்தான்."

அவள் மரத்தில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். ஐயா தரையில் உட்கார்ந்துவிட்டார், கும்பிடவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் ஒலிபெருக்கி யாருக்கோ ஓட்டுக் கேட்டுக்கொண்டே போனது. அது தூரத்தில் அடங்கிய பிறகு கண்ணம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் தெனமும் மூணு வேள இங்க வந்து நிக்கிறேன், என் கண்ணுல படல" என்றாள். "இன்னொரு தடவ நீ பாத்தா, யாருகிட்ட சொல்லலன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லிரு தம்பி."