பஞ்சவர்ணம் அக்காவின் காய்ச்சல்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் ப்ளாக்கின் கீழ்வீட்டில் இருக்கிறார் பஞ்சவர்ணம் அக்கா. திண்டுக்கல் பக்கத்துக்காரர். கணவர் உத்தமனுக்கு டாங்கி ஃபேக்டரியில் வேலை. ப்ளாக்கில் யார் தூர ரயில் ஏறினாலும் அக்காதான் புளிசோறு கட்டிக் கொடுப்பார். கேட்பவர்கள் பெருகி, அதுவே இப்போது தொழிலாகிவிட்டது.

இந்த மே மாதம் மேனாம்பேட்டிலிருந்து கோதண்டம் மாஸ்டர் வந்தார். பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர். டெல்லியில் போட்டி. போன வருஷம் வழியில் வாங்கிய சாப்பாடு கெட்டுப்போய், பாதிப் பெண்கள் ஆடாமலே திரும்பியிருக்கிறார்கள். இந்த முறை சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் மதியம் வரை சோறு தாங்க வேண்டும், கெடாமலிருக்கப் போடும் பவுடர் எதுவும் கலக்கக் கூடாது என்றார். அக்கா ஒத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் பயம்தான். அவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் கட்டியதில்லை. வெயில் வேறு கொளுத்தியது.

அக்காவின் முறையில் புளிக்காய்ச்சல் முதல் நாளே தயாராகிவிடும். கெட்டியாகக் கரைத்த புளியில் உப்பு, மஞ்சள், பெருங்காயம், வெந்தயப்பொடி போட்டு, நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை காய்ச்சுவார். ஈரம் வற்ற வேண்டும். புளிப்பும் உப்பும் தூக்கலாக இருந்தால் கிருமி லேசில் பெருகாது. மறுநாள் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி போக ஆறவைத்துப் பிசைவார். தேங்காய், வெங்காயம் கிட்டேயே வராது. ஈரக் கரண்டியோடு போனால் நம்மையும் உள்ளே விடமாட்டார்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாஸ்டர் போன் செய்து, சமையல் ஆரம்பித்தாயிற்றா என்று கேட்டார். அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. அக்கா அவசரமாக, “இன்னைக்குக் காய்ச்சல்ணே, நாளைக்குத்தான் சோறு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் பிரெட் பாக்கெட்டும் மாத்திரையுமாக வாசலில் நின்றார். மிளகாய் நெடியில் அக்காவுக்குக் கண்ணெல்லாம் சிவந்து, முகம் வேர்த்திருந்தது.

“இன்னாம்மா, காச்சலோட அடுப்பாண்ட நிக்கிற? போய்ப் படு. நான் ஹோட்டல்ல சொல்லிட்டேன்.”

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது.

“காய்ச்சல் எனக்கில்லண்ணே, புளிக்கு.”

மாஸ்டர் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று ஹோட்டலுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். பிரெட்டை உத்தமன் அண்ணன் டீயில் தொட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் பொட்டலங்களைக் கொடுக்கும்போது, மதியத்துக்கு மேல் மிஞ்சினால் யோசிக்காமல் கொட்டிவிடச் சொன்னார் அக்கா. அதற்கு அடுத்த நாள் மதியம் தாண்டியும் அவர் சாப்பிடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒருவழியாக அடித்தது.

“தங்கச்சி, உன் காச்சல் எல்லாப் பொண்ணுங்களுக்கும் வந்துடுச்சு” என்றார் மாஸ்டர்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பிறகுதான் மாஸ்டருக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. ஒரு பருக்கை மிச்சமில்லையாம். கொட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லையாம்.

“பயமுறுத்தாதீங்கண்ணே” என்று போனை வைத்த அக்கா, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த புளிக்காய்ச்சலில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டார்.