துரையை அடிக்காத கட்டைவிரல்

இந்த ருமேனியாவில் மேலதிகாரி வந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. ரொட்டி பேக்டரி ஓய்வறையில் எங்கள் சூப்பர்வைசர் யோன் எங்களோடு தரையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். நான் மட்டும் அவரைக் கண்டதும் பாதி எழுந்து, முதுகு சொறிவதுபோல் சமாளித்து உட்காருகிறேன். எனக்கு ஏதோ தோல் வியாதி என்று போன மாதம் களிம்பு வாங்கித் தந்தார்.

ஒருநாள் வீட்டிலிருந்து பழைய பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினார். கழுத்தில் தடித்த சங்கிலியும் பச்சை குத்திய கைகளுமாக அமெரிக்க ராப் பாடகர்கள் அடித்துக்கொள்ளும் சண்டை கேம். இலங்கை மலையகத்தில், எங்கள் ஊர் டயகம பஜாரில் ஒரு கடையின் பின்னறையில் இதை விளையாடித்தான் எட்டாம் வகுப்பிலிருந்து தப்பித்தேன். அதில் சுற்றி நிற்கும் கூட்டம் சும்மா பார்க்காது. விழப்போகிறவனைப் பிடித்து மறுபடி அடிவாங்கத் தள்ளிவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், நடக்கும் சண்டையும் அப்படித்தான், சங்கிலிக்குப் பதில் கழுத்தில் மப்ளர்.

"என்னை ஜெயிப்பவனுக்குக் குளிர்காலம் முழுக்க அடுப்புப் பக்கம் வேலை" என்றார் யோன், உடைந்த இங்கிலீஷில். உறைந்த மாவை அடுக்கும் குளிரறையில் வேலை செய்கிறவன் நான். விரல்கள் மரத்துப்போய் ஒரு மாதமாகிறது.

கூட வேலை செய்யும் செல்வம், ஹட்டன் டவுன்காரன், காதில் சொன்னான்: "அண்ணே, அடுப்பு ஒங்களுக்குத்தான். ஆளு பட்டன தேடித் தேடி அமுக்குறாரு."

உண்மைதான். இரண்டே நிமிடத்தில் யோனின் ஆள் தள்ளாடினான். இன்னும் ஒரே குத்து. அங்கே என் வலது கட்டைவிரல் நின்றுவிட்டது.

தோட்டத்துக்காரர்களுக்கு இது விளங்கும். சித்திரை வருடப்பிறப்பு கிரிக்கெட்டில் தோட்டத்தை ஆளும் பெரிய துரை மட்டை பிடித்தால், விக்கெட்டை விட்டு விலக்கித்தான் பந்து போடுவோம். கேட்ச் வந்தால் கை நழுவும். யாரும் சொல்லித் தந்ததில்லை. அப்பா நழுவவிட்டார், நானும் விட்டேன். துரை அடித்துக் களைத்து அவராகவே வெளியேறுவார், நாங்கள் கைதட்டுவோம்.

யோன் என்னை வீழ்த்தினார். நான் கைதட்டினேன்.

"ஏன் அடிக்கல?"

"யூ பாஸ், சேர்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் கொடுத்தது மரியாதை. அவருக்குப் போய்ச் சேர்ந்தது அவமானம். கன்ட்ரோலரைச் செல்வத்திடம் நீட்டினார். டவுனில் வளர்ந்தவனுக்கு ஏது துரை. யோனை அடித்துக் கூட்டத்துக்குள் தூக்கிப் போட்டான். யோன் அவனைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, சூடா ரொட்டி கொண்டாறேன்" என்று செல்வம் அடுப்புக்குப் போனான்.

குளிரறையில் கையுறைக்குள் விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். அந்த கேமில் ஆளை நடத்துவது இடது கட்டைவிரல், அடிப்பது வலது. இடது நடந்து நடந்து ருமேனியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வலது இன்னும் டயகம கிரவுண்டில் நின்று, விக்கெட்டை விட்டு விலக்கிப் பந்து போட்டுக்கொண்டிருக்கிறது.