கண்வலி விதையும் கதவுத் தாழ்ப்பாளும்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பும்போது ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்புக்கு, பிரஷருக்கு என்று டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கடைசியில் ஒரு பொடி மாத்திரை. "இது ரத்தக்குழாய்ல அழற்சி அடங்கறதுக்குங்கம்மா" என்று சொல்லி அதன் பெயரையும் சொன்னார். கோல்ச்சிசின்.

அந்தப் பெயர் எனக்குப் புதிதில்லை. மூலனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பல வருஷம் கண்வலிக்கிழங்கு போட்டிருந்தோம். பாடப்புத்தகத்தில் செங்காந்தள் என்று இருக்குமே, அதே கொடிதான். பூ விரிந்ததும் காலையிலேயே போய் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். அப்போதுதான் காய் பிடிக்கும். அந்த வேலை என்னுடையது. விதை வாங்க வரும் வியாபாரி, "இதுலருந்துதானுங்க கோல்ச்சிசின் எடுக்கறாங்க" என்று வருஷம் தவறாமல் சொல்லுவார். அந்தக் கிழங்கைக் கடித்த ஆட்டுக்குட்டி ஒன்று துடித்துச் செத்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்திலிருந்து வந்து நான் சோற்றுச் சட்டியைத் தொடுவதற்குள் வீட்டுக்காரர் கேட்பார்: "கை கழுவுனியா அம்மணி?" கழுவிவிட்டேன் என்றாலும் நம்ப மாட்டார். சோப்பு வாசம் வருகிறதா என்று மோந்து பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு எரிச்சல்படுவதற்குக்கூட ஆள் இல்லை.

"ஏனுங்க டாக்டர், இது வெசமாச்சுங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். "வெதையை அப்படியே திங்கச் சொல்லலீங்கம்மா. இது அளந்து செஞ்சது, துளியூண்டுதான் இருக்கும். தைரியமாப் போடுங்க."

அவருக்கென்ன, வீட்டில் ஆள் இருக்கும். நான் சிங்காநல்லூர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். கனடாவிலிருந்து மகன் ஓடி வந்தான், லீவு முடிந்ததும் போய்விட்டான். மாத்திரையைப் போட்டு ஏதாவது ஆகிப்போனால் யார் வந்து பார்ப்பது? உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்குமே. ஆட்கள் கூடிக் கதவை உடைப்பதை நினைத்தாலே மானம் போனது.

அதனால் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். காலையில் இட்லி சாப்பிட்டதும் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை லேசாகத் திறந்து வைப்பேன். அப்புறம்தான் பொடி மாத்திரையை முழுங்குவேன். முழுங்கிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். வாய்க்குள் போன பிறகு கையைக் கழுவி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கழுவாமல் இருக்க முடியவில்லை. பிறகு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து, சாவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வந்தது எதிர் வீட்டுக்காரி. மாதா கோயிலில் காலைப் பூசை முடித்துத் திரும்புகிறவள், என்னைவிட இளையவள். "ஏனுங்கக்கா, கதவு தாப்பாப் போடாமக் கெடக்குதுங்க? திருட்டுப் பயலுக உள்ள வந்துபோட்டா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. "அப்ப நான் தெனமும் வந்து பாத்துட்டுப் போறனுங்க" என்றாள்.

சொன்னபடி வந்தாள். முதலில் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு காபி, அதன் பின்னால் அவள் மருமகள் கதை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று சொன்ன அன்று மோர் கரைத்து எடுத்து வந்தாள். செத்துவிடுவேன் என்ற பயம் எப்போது போனதென்றே தெரியவில்லை. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

போன வாரம் செக்கப்பில் டாக்டர் சொன்னார்: "இந்தப் பொடி மாத்திரை இனி வேண்டாமுங்கம்மா. எதிர்பார்த்த பலன் இதுல இல்லைன்னு புது ஆராய்ச்சியில தெரியுதுங்க. வயிறு வேற படுத்துதுன்னு சொல்றீங்க. மத்ததை மட்டும் ஒண்ணு விடாமப் போடுங்க."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டேன். மற்ற மாத்திரைகளைப் போட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்து வைத்தேன்.

பூசை முடிந்து வந்தவள் எட்டிப் பார்த்தாள். "அந்த மாத்திரை போட்டாச்சுங்களாக்கா?"

"இப்பத்தான் போட்டேன். உள்ள வா கண்ணு" என்றேன்.