எதிரி வேலை

என் தங்கை வீட்டுக்காரரை எங்கள் படகுக் கொட்டகையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் அவர் 'எதிரி'. "எதிரி வந்தாச்சா?", "எதிரிக்கு டீ குடுத்தீங்களா?", "எதிரிக்கு இன்னிக்கு ஜலதோஷமாம்" என்று சாதாரணமாகப் பேச்சு நடக்கும். புதிதாக வேலைக்கு வந்த வாட்ச்மேன் இரண்டு நாள் கலங்கிப்போயிருந்தார். மூன்றாம் நாள் மாப்பிள்ளையே அவரை உட்கார வைத்துத் தன் வேலை என்னவென்று விளக்கினார். அதற்கப்புறமும் அவருக்குப் பாதிதான் புரிந்தது.

உங்களுக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அணி ஓட்டுவது கேட்டமரான். இரண்டு மெல்லிய உடல்கள், நடுவே இறுக்கிக் கட்டிய வலை, மேலே பெரிய பாய், அடியில் கத்தி மாதிரி இறக்கைகள். வேகம் கூடியதும் அந்த இறக்கைகள் படகையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அப்புறம் அது மிதப்பதில்லை, பறக்கிறது. பந்தயம் இரண்டே படகுகளுக்கு இடையில்தான். அதனால் வேகம் மட்டும் இருந்தால் போதாது. எதிரில் வருபவர் எப்போது திரும்புவார், எதற்கு மிரளுவார் என்பது தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக அணியில் இரண்டாவது படகு ஒன்று இருக்கும். அதில் ஒருவர் எதிராளி மாதிரியே ஓட்டுவார். கேப்டன் அவரை ஜெயித்துப் பழகுவார். பன்னிரண்டு வருடமாக எங்கள் அணியில் அப்படித் தோற்றுக் கொடுத்தவர் என் மாப்பிள்ளை.

சும்மா தோற்பதில்லை. அந்தந்த ஆள் எப்படித் தோற்பாரோ அப்படித் தோற்பார். அடுத்த பந்தயம் யாரோடு என்று தெரிந்ததும், அந்த ஆளின் பழைய பந்தயங்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வருடம் இடதுகைக்காரர் ஒருவர் எதிராளி. மாப்பிள்ளை வீட்டில் இடது கையால் சட்டைப் பட்டன் போட ஆரம்பித்தார். இன்னொரு வருடம் வந்த எதிராளி பெரிய முன்கோபி. அந்த வருடம் என் தங்கை கதவுக்கெல்லாம் புதுக் கீல் மாட்டச் சொன்னாள். பருவம் தொடங்கும்போது அவள் என்னிடம் முதலில் கேட்பதே, "அண்ணே, இந்த வருஷம் இவரு யாரு?" என்பதுதான்.

சிரிப்பாள், ஆனால் அவளுக்கு அதில் வருத்தம் உண்டு. அக்கம்பக்கத்தில் யாராவது "உங்க வீட்டுக்காரர் பந்தயத்துல ஓட்டுறாராமே?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? ஓட்டுகிறார், ஆனால் பந்தயத்தில் இல்லை. பந்தயம் நடக்கும் நாளில் அவர் கரையில் என் பக்கத்தில் நிற்பார். நான் அங்கே மெக்கானிக். படகை இறக்கிவிட்டால் எனக்கும் வேலை இல்லை. நான் பந்தயத்தைப் பார்ப்பேன். அவர் கை சுக்கானைத் திருப்பிக்கொண்டிருக்கும், வெறும் காற்றில். பார்க்கச் சகிக்காது. "கையைப் பாக்கெட்ல போடுங்க மாப்ளே" என்பேன். போடுவார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் 'வெள்ளைத்தொப்பி' என்று எல்லோரும் சொல்லும் மூத்த ஓட்டியோடு. அதற்கு ஒரு வாரம் முன்னால் அணிக்குப் பணம் போட்டு நடத்தும் தலைவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னார், இந்தப் பந்தயத்துக்கு அப்புறம் பயிற்சிப் படகு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று. மாப்பிள்ளைக்குப் பாய்க் கிடங்கில் வேலை தருவதாகவும் சொன்னார். மாப்பிள்ளை "சரிங்க" என்று திரும்பி வந்தார். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு சோப்பு டப்பாக்களை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். முன்னால் போகிற டப்பா கேப்டன். பின்னால் வருவது வெள்ளைத்தொப்பி என்று நினைத்தேன்.

"இல்ல மச்சான், இது நான்" என்றார். "ரொம்ப நாளா மனசுல இருக்கு. யாரும் செஞ்சதில்ல."

புறப்பாடுதான் இந்தப் பந்தயத்தின் உயிர். கொம்பு ஊதுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் இரண்டு படகும் எதிரெதிர் பக்கத்திலிருந்து உள்ளே வந்து ஒன்றையொன்று துரத்தும். கொம்பு ஊதும் நொடியில் முழு வேகத்தில் புறப்பாட்டுக் கோட்டைத் தாண்டுகிறவருக்குப் பாதி வெற்றி. முந்தித் தாண்டினால் தண்டனை. காற்று வரும் பக்கமாக மேலே இருக்கும் படகு, கீழே இருக்கும் படகுக்கு வழிவிட்டாக வேண்டும். மாப்பிள்ளையின் யோசனை இது: கோட்டை நோக்கிப் பறக்கும்போது, இருபத்தைந்து நொடி மிச்சம் இருக்கையில், பாயைத் தளர்த்திப் படகைச் சட்டென்று தண்ணீரில் உட்கார வைப்பது. மாப்பிள்ளையின் படகை வைத்துத் தூரம் கணக்குப் போட்டு வந்த கேப்டன் அதிகமாக முன்னே போய்விடுவார். அந்த நேரத்தில் மறுபடி கிளம்பிக் கேப்டனுக்குக் கீழ்ப்பக்கமாக நுழைந்துவிட்டால் கேப்டன் வழிவிட்டு மேலே திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பினால் வேகம் போச்சு.

"உக்காந்த படகு எந்திரிக்குமா?" என்றேன்.

"ரெண்டு நொடிதான் உக்காரும். எந்திரிச்சிரும்." சோப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரே ஒரு தடவை எனக்காக ஓட்டணும் மச்சான். ஒரே தடவை."

பன்னிரண்டு வருடம் தோற்றுக் கொடுத்தவரின் ஆசை அது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசிப் பயிற்சி நாள். ஆறு புறப்பாட்டில் ஐந்தை வெள்ளைத்தொப்பியாகவே ஓட்டினார். வலப்பக்கமாக நுழைந்தார், விடாமல் துரத்தினார், கடைசியில் கதவைச் சாத்துவது மாதிரி கோட்டின் இடது முனையை அடைத்தார். ஆறாவதில் படகு உட்கார்ந்தது. நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே நொடி. படகு எழுந்தது, கேப்டனுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது, கேப்டன் வெட்டித் திரும்ப, அவர் படகு வேகம் இழந்து தண்ணீரில் விழுந்தது. கொம்பு ஊதியது. என் மாப்பிள்ளை தனியாகக் கோட்டைத் தாண்டிப் பறந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அப்படிப் பறந்து நான் பார்த்ததில்லை. திரும்பும் இடத்தில் திரும்பாமல் வெகுதூரம் போய்விட்டுத்தான் வந்தார்.

கரைக்கு வந்ததும் கேப்டனுக்கு முகம் வெளுத்திருந்தது. "வெள்ளைத்தொப்பி இப்படிப் பண்ணுவாரா?"

வீடியோப் பதிவுகளை அலசும் பெண் கையில் குறிப்பு நோட்டோடு நின்றாள். "நான் பார்த்த எதுலயும் இல்லையே, சார்."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். 'அது அவர் இல்லை, நான்' என்று சொல்லியிருக்கலாம். அதற்காகத்தானே செய்தார்? ஆனால் கேப்டனின் கடைசிப் பயிற்சியைத் தன் ஆசைக்குப் பயன்படுத்திக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. பயந்துவிட்டார்.

"பண்ணுவாரு" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பாய்க் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அவர் சொன்னது பிசகியதில்லை. அதனால் அந்தப் பெண்ணின் நோட்டை ஓரம் தள்ளிவிட்டு அவர் வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். கடைசி முப்பது நொடியில் முன்னே போகக் கூடாது, பின்தங்கியே வரவேண்டும் என்று முடிவானது.

பந்தயத்தன்று வெள்ளைத்தொப்பி வலப்பக்கமாக நுழைந்தார், துரத்தினார், எல்லாம் எப்போதும் போல. முப்பது நொடி இருக்கும்போது எங்கள் கேப்டன் பாயைத் தளர்த்திக்கொண்டு பின்னால் தங்கினார், வெள்ளைத்தொப்பி உட்காருவார் என்று. அவர் ஏன் உட்காரப் போகிறார்? நேரே கோட்டுக்குப் போனார். காத்திருந்த எங்கள் படகுதான் வேகம் செத்துத் தண்ணீரில் விழுந்தது. ஏழு நொடி தாமதம்.

அதற்கப்புறம் கேப்டன் ஓட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முன்னால் போகிறவர் நம் காற்றைக் கெடுத்துக்கொண்டே போவார். கேப்டன் அந்தக் கெட்ட காற்றிலிருந்து பிரிந்து பிரிந்து திரும்பினார். வெள்ளைத்தொப்பி ஒவ்வொரு முறையும் மேலே வந்து மூடினார். திரும்பும் இடத்தில் இருந்த இரண்டு மிதவைகளில் அவர் இடப்பக்கம் வளைய, இவர் வலப்பக்கம் வளைந்து புதுக் காற்றைப் பிடித்தார். ஏழு ஐந்தானது. ஐந்து மூன்றானது. கரையில் ஆட்கள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். என் பக்கத்தில் மாப்பிள்ளையின் இரண்டு கையும் பாக்கெட்டிலேயே இருந்தன. மூன்று நொடியில் தோற்றோம்.

மறுநாள் காலை கூட்டம். தலைவர் அந்தப் பெண்ணைத்தான் பிடித்துக்கொண்டார். "உக்கார்ற வித்தையை எந்தப் பந்தயத்துல பார்த்தோம்? பதிவைக் காட்டு." அவள் பாவம், ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள். நாற்பது பதிவையும் புரட்டியாகிவிட்டது, எதிலும் இல்லை என்றாள். "அப்புறம் எதுக்கு உனக்கு இந்த வேலை?" என்றார் தலைவர். இதற்கு மேல் பேசாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று எழப்போனேன். மாப்பிள்ளை என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. வெள்ளைத்தொப்பி அப்படிப் பண்ணவே மாட்டாரு. அது என் யோசனை. கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

கேப்டன் தலையை நிமிர்த்தினார். "அப்போ அன்னிக்கு என்னை ஜெயிச்சது?"

"நான்தான், கேப்டன்."

கேப்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். பயிற்சிப் படகை விடியற்காலையே பிரித்தாகிவிட்டது. உடல் வேறு, பாய் வேறாகக் கிடந்தன. "படகு மட்டும் இருந்திருந்தா, இப்பவே உன்னைத் தண்ணியில இறக்கி அந்தப் புறப்பாட்டை மறுபடி ஓட்டச் சொல்லியிருப்பேன். உன்னை நார் நாராக் கிழிச்சிருப்பேன்" என்றார்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "முடிஞ்சிருக்காது, கேப்டன்."

தலைவர் அவரை அந்த நிமிடமே வெளியே போகச் சொன்னார். நானும் கூடவே போனேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் திட்டித் தீர்த்தேன்: ஒரு வருட உழைப்பு, கேப்டனின் வயசு, அந்தப் பெண்ணின் வேலை, என் தங்கை என்று ஒன்று விடாமல். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

"நீங்க சொல்றது எல்லாம் சரி மச்சான். செஞ்சது துரோகம். ராத்திரியெல்லாம் கேப்டன் முகம்தான் கண்ணுல நிக்குது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா, மறுபடி ஓட்டணும்னு சொன்னாரு பாருங்க, அது என்கூட ஓட்டணும்னு. வேற யார்கூடயும் இல்ல. அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நான் என்ன மனுஷன் மச்சான்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.