நிழலில் காய்ந்த இலை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் உத்தனப்பள்ளியில் ஐந்து ஏக்கரில் நித்தியகல்யாணி போட்டு, ஓசூர் ஆய்வுக்கூடத்துக்கே இலை கொடுக்கிறேன் என்றால் சும்மாவா? அந்த இலையிலிருந்து புற்றுநோய்க்கு உதவக்கூடிய புதுச் சத்து ஒன்றைப் பிரித்தெடுக்கப் பார்ப்பவள் காவேரிப்பட்டினத்துச் சுகுணா. கண்ணாடிக் குழாயில் சாறு சொட்டுவதைப் பார்த்தபடி நாள் முழுக்க அந்த அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பாள்.

போன மாதம் மூட்டை இறக்கப் போனபோது அவள் முகம் வாடியிருந்தது.

"முதல் மூட்டையில தெரிஞ்ச சத்து அப்புறம் வரவே இல்லீங்கய்யா. நாலு மாசம் போச்சு. எங்க தப்புப் பண்றேன்னே தெரியல. இன்னும் ஒரு தடவைதான் பார்க்கலாம்னுட்டாங்க மேல இருக்கறவங்க."

"இலைய கொறை சொல்லாத கண்ணு. ராகி களத்துல, உச்சி வெயில்ல, மொறுமொறுன்னு காய வெச்சது."

"வெயில்லயா? நிழல்லன்னு சீட்டு எழுதிக் குடுத்தேனே!"

சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை. இன்னொருவரைக் கேட்க மனம் ஒப்பவில்லை. முதல் மூட்டையை மட்டும் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் காயப்போட்டிருந்தேன். யாரிடமும் தப்பை ஒப்புக்கொள்ளாதவன், அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

என் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் ஆறு அறை. பிள்ளைகள் பெங்களூருக்குப் போன பிறகு இருப்பது நான் ஒருவன். ஐந்து அறையிலும் புது இலையைப் பரப்பி, நாள்தோறும் புரட்டிவிட்டு, காய்ந்ததும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நேற்று அவள் போன் செய்தாள். "வந்துருச்சுங்கய்யா! உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். இங்க சொல்றதுக்கு யாருமில்ல."

"இங்கயும் கேக்கறதுக்கு நான் மட்டுந்தான் கண்ணு. நல்லா சத்தமா சொல்லு" என்றேன்.