மருந்துச் சீட்டில் ஒரு தட்டுச் சோறு

மலாயாவில், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊர் ஊராக அலைந்து, அங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி சோறுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. பிடிபட்டால் சிறை.

அங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. நான்கைந்து நாள் கண்ணை மூடவில்லை. வேலிக்கு வெளியே மரங்களுக்குள்ளிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் சொல்லிக்கொண்டே வேலியில் ஏறுவேன். ஊரடங்கு நேரத்தில் வேலியில் ஆளைக் கண்டால் சுடுவார்கள். இரண்டு முறை பக்கத்து வீட்டுக்காரர் என் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். மூன்றாம் முறை என்னைக் கட்டிலில் கட்டிவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸரையும் பூசாரியையும் ஒரே நேரத்தில் கூட்டிவந்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"முனி பிடிச்சிருக்கு. வேலிக்கு வெளியில இருக்கிற முனி கோயில்ல படையல் போட்டா விட்டுரும்" என்றார் பூசாரி.

"முனியுமில்லை, ஒண்டுமில்லை. மூளை களைச்சுப் போச்சு. மருந்து குடிச்சு நித்திரை கொள்ளோணும்" என்றார் டிரஸர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர்.

என் தலைமாட்டிலேயே சண்டை நடந்தது. நானோ மாத்திரையைத் துப்பினேன். அது விஷம் என்று அந்தக் குரல் சொல்லியிருந்தது. முனி உத்தரவு கொடுத்தால் விழுங்குகிறேன் என்றேன்.

பூசாரி சிரித்தார். "இப்ப என்னா செய்வீங்க ஐயா? படையலுக்குச் சோறு வேணும். சோறு கேட்டைத் தாண்டாது லா."

டிரஸர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து எழுதினார்: 'நோயாளிக்கு மருந்து, சோறு ஒரு தட்டு.' கையெழுத்தும் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு அவர் வேலையே போயிருக்கலாம்.

நண்பகலில் ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்டில் இருந்த மலாய்க்காரக் காவலர் சீட்டை இரண்டு தரம் படித்தார். "நாசி பூன் ஊபாட் கா?" சோறும் மருந்தா என்று சிரித்தவர், ஒரு பருக்கை வெளியே தங்கக் கூடாது என்று துப்பாக்கியோடு கூடவே வந்தார். பூசையின் நடுவே, சாமி சாப்பிட்டு முடித்துவிட்டதா என்று வேறு கேட்டார்.

"சாமி மெதுவாத்தான் சாப்பிடும்" என்றார் பூசாரி. பிறகு எனக்குத் திருநீறு பூசி, டிரஸர் நீட்டிய மாத்திரையை வாங்கி என் வாயில் போட்டார். "முழுங்குடா, முனி சொல்லுது!"

விழுங்கினேன். சோறு மிஞ்சக் கூடாதே, நால்வரும் அங்கேயே உட்கார்ந்து வழித்துத் தின்றோம். டிரஸர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார்.

ஒன்றரை நாள் தூங்கினேன். அதற்குப் பிறகும் தினம் மாத்திரைதான், ஒவ்வொன்றும் பூசாரி கையால். ஒரு மாதத்தில் குரல் நின்றது. குணமாக்கியது யார் என்ற சண்டை மட்டும் நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை நிற்கவில்லை.

அது உடம்பு நோயா, முனியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் எந்த ஊரிலும், தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரைக் கண்டு மற்றவர்கள் விலகும்போது, நான் பக்கத்தில் போய் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறேன்.