நீல நூல்

எங்கள் லாரி ஷெட்டில் சொந்த வண்டி ஓட்டும் ஒருவருக்கு வடிகட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸோடு சரி. காலையில் முதல் வேலையாக லாரியின் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, அடியில் தங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகுதான் டீ. அந்த டீயையும் இரண்டு தடவை வடிகட்டச் சொல்வார் என்று கேலி பேசுவோம். அவருக்கு அதில் பெருமைதான்.

நான் டீசல் பம்ப் மெக்கானிக். அழுக்கு டீசலால்தான் எனக்குச் சோறு. அப்படிப் பார்த்தால் வடிகட்டி என் பட்டறைப் பக்கமே வரக்கூடாத ஆள். ஆனால் புது வண்டி எடுத்த ஒரே வருடத்தில் இரண்டு முறை டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெட்டுப்போய், என் வாசலில் வந்து நின்றார்.

முதல் தடவையே பழியை மச்சான் தலையில் போட்டுவிட்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஆறு வருடமாகக் கூடவே ஓட்டிய மாற்று டிரைவர். "கண்ட இடத்துல டீசல் போட்டு வண்டியைக் கெடுத்துட்டான்" என்று எல்லோர் முன்னாலும் திட்டி இறக்கிவிட்டார். அன்றிலிருந்து தம்பி அக்கா வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அக்காவும் புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் டொக்கென்று வைப்பாளாம்.

இரண்டாம் தடவை வந்தபோது மச்சானை இறக்கிவிட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. "அவன் போட்ட அழுக்கு டேங்க்ல இன்னும் கிடக்குது" என்றார், கொஞ்சமும் கூசாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பம்பைப் பிரித்தேன். டீசல் நுழையும் வழியில் உள்ள சின்ன வலையில் நீல நூல் பிசிறு சிக்கியிருந்தது.

"இது ஃபில்டரைத் தாண்டி எப்படி வந்துச்சு? ஃபில்டர் யார் மாத்துறது?"

"நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டேன்."

"எங்க, என் முன்னால மாத்துங்க பார்ப்போம்."

சோப்புப் போட்டுக் கை கழுவினார். கேன் மூடியைத் துடைத்தார். பழைய நீலச் சட்டைத் துணியைப் புனல்மேல் விரித்து, மாட்டுவதற்கு முன் புது ஃபில்டரை டீசலால் நிரப்பினார். நட்ட நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை வழியாக.

தலையில் கை வைத்துக்கொண்டேன். ஃபில்டருக்குள் டீசல் போவது ஓரத்துச் சின்ன ஓட்டைகள் வழியாக. சுத்தமாகி வெளியே வருவதுதான் நடு ஓட்டை. அதில் ஊற்றினால் ஃபில்டரில் வடியாத டீசல் நேராகப் பம்புக்குப் போகும். பொடித் தூசியைச் சட்டைத் துணி தடுக்காது. தன் பங்குக்கு நூலையும் சேர்த்து அனுப்பும். பழைய வண்டியிலும் இப்படித்தான் ஊற்றினாராம். அந்தக் காலத்துப் பம்ப் எதையும் விழுங்கும், இது விழுங்காது. இதையெல்லாம் கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன்.

அவர் கையிலிருந்த துணியையே பார்த்தார். "அப்போ அவன் இல்லையா?"

"இல்லை."

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தனியாகப் போகப் பயம். மச்சான் ஒரு கிடங்கில் சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். நல்ல டிரைவர், புருவமெல்லாம் சிமென்ட்.

வடிகட்டி சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்மேலதான் மச்சான். ஃபில்டர்ல நடு ஓட்டையில ஊத்தியிருக்கேன்."

மச்சான் மூட்டையை இறக்கி வைத்தான். "ஓரத்துல ஊத்துங்க மாமான்னு அப்பவே சொன்னேன். 'எனக்கே சொல்லித் தர்றியா'ன்னு கேட்டீங்க."

அப்படிக் கேட்டது அவருக்கு நினைவே இல்லை. முகத்தில் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

"அக்கா எப்படி இருக்கா?" என்றான் மச்சான்.

"நீ வந்தாதான் பேசுவா போல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அடுத்த ஃபில்டரை நீயே மாத்துடா. நான் துணி பிடிக்கிறேன்."

"துணி வேணாம் மாமா" என்றான் மச்சான், கையிலிருந்த சிமென்ட்டைத் தட்டிக்கொண்டே.